நோயை நோக்கி நடந்த பாதங்கள்

நோயுற்றுக் கிடக்கும் ஒருவருக்காக இன்னொருவர் தம் கால்களை வருத்திக்கொள்வது புத்தளக் கரையில் வாழும் மக்களுக்குப் புதிய செய்தியன்று. கற்பிட்டிக் குடாநாட்டின் கடலோரத்தில், தென்னையும் மணலும் சூழ்ந்த தலவிலவில் அமைந்துள்ள புனித அன்னம்மாள் ஆலயத்துக்கு மார்ச்சு மாதத்திலும் ஆகஸ்டு மாதத்திலும் திருவிழாக் காண வருவோருள், வீட்டிலே படுக்கையில் கிடக்கும் தாய்க்காகவும் காய்ச்சலில் வாடும் குழந்தைக்காகவும் நேர்ந்துகொண்டு வருவோர் பலர். தெற்கே உடப்பிலே திரௌபதை அம்மன் சந்நிதியில் ஆடித் திங்களில் தீமிதிப்போருள்ளும் அத்தகைய நேர்த்திக்காரர் உண்டு. நோய் ஒருவருக்கு, நடை மற்றொருவருக்கு. இந்த ஏற்பாட்டின் பொருளை நம்மவர் ஏட்டிலே படித்து அறிந்தவரல்லர், பரம்பரையாக அறிந்தவர்.

அண்மைக் காலத்தில் இவ்வழக்கம் உலகெங்கும் புதுவடிவம் பெற்றிருக்கிறது. அன்புக்குரிய ஒருவருக்கு வந்த நோயை மனத்திற் கொண்டு ஓடுவதும் நடப்பதும், அதன்வழி மருத்துவமனைகளுக்கும் ஆராய்ச்சிக்கும் பொருள் திரட்டுவதும் இன்று பல நாடுகளிற் காணப்படுகின்றன. புற்றுநோயால் ஒரு காலை இழந்த ரெறி பொக்ஸ் என்னும் கனடிய இளைஞன், 1980 ஆம் ஆண்டு செயற்கைக் காலுடன் 143 நாள் ஓடி 5,373 கிலோமீற்றர் தூரத்தைக் கடந்தான். நோய் மீண்டும் பற்றியதால் ஓட்டத்தை நிறுத்தி, அடுத்த ஆண்டு தன் இருபத்திரண்டாவது வயதில் மறைந்தான். நம் நாட்டிலும் 2011 ஆம் ஆண்டு தெற்கே தேவேந்திரமுனையிலிருந்து வடக்கே பருத்தித்துறை வரை மக்கள் நடந்து, தெல்லிப்பழைப் புற்றுநோய் மருத்துவமனைக்கு நிதி திரட்டினர். சாதியும் சமயமும் மொழியும் பாராது கூடிய நடை அது.

இவற்றையெல்லாம் எண்ணும்போது, ஏறத்தாழ முந்நூற்று முப்பது ஆண்டுகளுக்கு முன்னர் இதே புத்தளக் கரையில் வெறுங்காலுடன் நடந்த ஒரு துறவியின் நினைவு எழுகின்றது. அவர் பந்தயம் ஓடியவரல்லர். நிதி திரட்டக் கொடி பிடித்தவருமல்லர். நோயாளியைக் கண்டு உற்றாரும் ஊராரும் ஓடிய வேளையிலே, நோயாளியை நோக்கி நடந்தவர் அவர். யோசேவ் வாஸ் அடிகளார் என்பது அவர் திருநாமம். தமிழ்ப் புலவர் வரலாறுகளைத் தொகுத்து, 1859 இல் தமிழ் புளூராக் என்னும் ஆங்கில நூலாக வெளியிட்ட சைமன் காசிச்செட்டி பிறந்த கரை இது. பிறர் வாழ்வை எழுதிவைத்துப் போற்றும் வழக்கம் இங்கே உண்டு. அவ்வழியிலே அடிகளாரின் வாழ்வையும் சிறிது நோக்குவோம்.

கோவாவில் ஓர் இளமை

1651 ஆம் ஆண்டு ஏப்பிரல் 21 ஆம் நாள், கோவாவைச் சேர்ந்த பெனோலிம் என்னும் ஊரிலே யோசேவ் வாஸ் பிறந்தார். அது அவருடைய தாயாரின் ஊர். தந்தையார் ஊர் சங்கோலே. கொங்கணி பேசும் பிராமண மரபிற் கிறித்தவரான குடும்பம் அது. தந்தை கிறிஸ்தோவாவோ வாஸ். தாய் மரியா தெ மிராண்டா. சிறுவர் போர்த்துக்கீச மொழியையும் இலத்தீனையும் பயின்றார். பின்னர் கோவா நகரத்துக் கல்லூரிகளிலே மெய்யியலும் இறையியலும் கற்று, 1676 இற் குருப்பட்டம் பெற்றார்.

அக்காலக் கோவாவிலே குருவாயிருப்பது மதிப்பும் வசதியும் தரும் நிலையாகும். கற்றவர்க்கு ஆட்சியாளரிடையே செல்வாக்கும் கிட்டும். வாஸ் அடிகளார் அதனை வேண்டினாரில்லை. குருப்பட்டம் பெற்றபின் பாதரட்சையைத் துறந்து வெறுங்காலுடன் நடக்கத் தொடங்கினார். ஏழை எளியோர் எவ்வாறு நடந்தனரோ அவ்வாறே தாமும் நடத்தல் வேண்டுமென்பது அவர் கொண்ட நோன்பு. அந்தப் பாதங்கள் பின்னர் எத்தனை காட்டையும் மேட்டையும் கடக்கப் போகின்றன என்பதை அன்று எவரும் அறிந்திலர்.

1681 முதற் சில ஆண்டுகள் கன்னட நாட்டுக் கரையிலே சமயப்பணி புரிந்து மீண்ட அடிகளார், 1685 இற் கோவாவிலே சுதேசக் குருமார் சிலர் கூடி வாழ்ந்த சிறு குழுவிற் சேர்ந்து, அதன் தலைவரானார். ஒறற்றோரியன் சபை என்று பின்னர் இலங்கைக் கத்தோலிக்கர் நாவிலே பெருமையுடன் வழங்கிய சபை அதுவே. ஆயினும் அவருடைய உள்ளம் இலங்கையை நாடிக்கொண்டிருந்தது.

மாறுவேடத்தில் ஒரு பயணம்

அன்றைய இலங்கையின் நிலையைச் சிறிது அறிதல் வேண்டும். 1656 இற் கொழும்பையும், 1658 இல் மன்னாரையும் யாழ்ப்பாணத்தையும் ஒல்லாந்தர் போர்த்துக்கீசரிடமிருந்து கைப்பற்றினர். புதிய ஆட்சியாளர் புரட்டஸ்தாந்தர். கத்தோலிக்கக் குருமாரை நாட்டைவிட்டு அகற்றி, அவர்களுக்குப் புகலிடம் அளிப்போருக்குக் கடுந்தண்டனை விதித்தனர். ஏறத்தாழ முப்பது ஆண்டுகளாகக் கத்தோலிக்க மக்கள் குருவின்றி வாழ்ந்தனர். இறக்குந் தறுவாயிலிருப்போரின் அருகிருந்து செபிக்கவும் குருவானவர் ஒருவர் இலர்.

1686 இல் அடிகளார் கோவாவைவிட்டுப் புறப்பட்டார். அவருடன் சென்றவன் யோவான் என்னும் பணியாள் ஒருவனே. தென்னிந்தியக் கரையோரமாக நெடுந்தூரம் சென்று தூத்துக்குடியை அடைந்து, 1687 இலே கப்பலேறினர். குருவின் அங்கியைக் களைந்து, கூலியாளின் உடையணிந்து, பிச்சைக்காரரோடு பிச்சைக்காரராகப் பயணஞ்செய்தார். கல்வியாலும் குடிப்பிறப்பாலும் உயர்ந்த ஒருவர் கந்தையணிந்து கப்பலின் மூலையிற் சுருண்டு கிடந்த காட்சியை எண்ணிப்பார்க்கும்போது நம் உள்ளம் உருகாமற் போகாது.

யாழ்ப்பாணத்தை அடைந்த வேளையில் அடிகளார் சீதபேதியால் நலிந்திருந்தார். பட்டினியும் கடற்பயணத் துன்பமும் உடலை முற்றாக வாட்டியிருந்தன. அறியாத நாடு, அறியாத மொழி, இரந்துண்ணும் கோலம். தொற்றுநோய் என்று அஞ்சிய மக்கள் அவரை ஒதுக்கினர் என்றும், ஊர்ப்புறத்தே ஒரு குடிசையிற் கிடந்த அவருக்கு இரக்கமுள்ள சிலர் கஞ்சி அளித்து உயிர் காத்தனர் என்றும் வரலாறு கூறுகின்றது. நோயாளியென்று தள்ளப்படுதலின் கொடுமையையும், தள்ளாது வந்த ஒரு கலயம் கஞ்சியின் அருமையையும் அடிகளார் தம் உடலிலேயே அறிந்தார். பத்தாண்டுகளுக்குப் பின்னர் கண்டியிலே அவர் புரிந்த பெருந்தொண்டின் வித்து இக்குடிசையிலேதான் விழுந்தது என்று கருதுவது மிகையாகாது.

உடல் தேறியபின் அடிகளார் கழுத்திலே செபமாலையை அணிந்துகொண்டு வீடுவீடாகப் பிச்சையெடுக்கச் சென்றார். அம்மாலையைக் கண்டு எவருடைய கண் கலங்குகின்றதோ, எவருடைய முகம் மலர்கின்றதோ, அவரே தம்மவர் என்று கண்டுகொள்வது அவருடைய உபாயம். அவ்வாறே மறைந்து வாழ்ந்த கத்தோலிக்கரைக் கண்டார். சில்லாலை மக்கள் அவரைத் தம் ஊரிலே வைத்துப் பாதுகாத்தனர். தமிழைக் கற்றார். பகலில் மறைந்தும் இரவில் நடந்தும் ஊர்தோறும் திருப்பலி நிறைவேற்றினார். அந்த இரவு நடைகளிலே நோயாளரைச் சென்று காண்பது முதற் கடமையாக இருந்தது.

1689 ஆம் ஆண்டு நத்தார் வேளையிலே ஒல்லாந்த ஆணையாளர் வான் றீட் என்பாரின் கட்டளைப்படி யாழ்ப்பாணத்துக் கத்தோலிக்கர் கூடிய இடங்கள் சுற்றிவளைக்கப்பட்டன. பலர் சிறைப்பட்டனர், சிலர் கொடிய தண்டனைக்கு ஆளாயினர். அடிகளார் அகப்படவில்லை. ஆயினும் தம்பொருட்டு மக்கள் துன்புறுவதைக் கண்டபின் அங்கே தங்குதல் முறையன்று என்று உணர்ந்தார். 1690 இல் அவர் தெற்கு நோக்கி நடந்தார். அந்த நடை முடிந்த இடம் புத்தளம்.

கடனீரேரியின் இரு கரைகள்

புத்தளம் அன்று ஒரு விந்தையான எல்லைநிலம். கடனீரேரியின் மேற்கே நீண்டு கிடக்கும் கற்பிட்டியை ஒல்லாந்தர் 1659 இற் கைப்பற்றினர்; 1667 இலே தொடங்கி 1676 இற் கட்டிமுடித்த கோட்டையிலிருந்து ஏரியின் வாயைக் காவல்செய்தனர். கிழக்குக் கரையிலிருந்த புத்தளமோ கண்டியரசனின் ஆணைக்குட்பட்ட துறை. ஒரே நீர்ப்பரப்பு, ஒரு கரையிலே குருவானவருக்குச் சிறை, மறுகரையிலே சுதந்திரம். யாழ்ப்பாணத்திலே இரவின் இருளிற் செய்ததைப் புத்தளத்திலே பகலவன் ஒளியிற் செய்ய அடிகளாருக்கு வாய்ப்புக் கிட்டியது.

உப்பளங்களும் மீன்வாடிகளும் நிறைந்த கரை அது. புத்தளத்து உப்பும் கருவாடும் மலைநாட்டவரின் வாழ்வுக்கு இன்றியமையாதவை. தவளம் எனப்படும் பொதிமாட்டு அணிகளிலே அவற்றை ஏற்றிக்கொண்டு வணிகர் மலைநாட்டுக்குச் செல்வர். பாக்கும் பிற விளைபொருளும் கொண்டு மீள்வர். இவ்வணிகத்திலே முஸ்லிம் மக்களின் பங்கு பெரிது. தமிழரும் சிங்களவரும் முஸ்லிம்களும் போர்த்துக்கீச வழித்தோன்றல்களும் ஒரே சந்தையிற் கூடிய ஊரிலே, பல மொழியினரோடும் பழகும் வாய்ப்பு அடிகளாருக்குக் கிடைத்தது. இங்கேயும் சூழவுள்ள ஊர்களிலேயும் சிதறிக் கிடந்த கத்தோலிக்கரைத் தேடித்தேடிச் சென்று ஒன்றுசேர்த்தார்.

புத்தளத்திலே அவர் அமைதியாக வாழ்நாளைக் கழித்திருக்கலாம். ஆயினும் கண்டியிலே குருவின்றி வாழும் மக்களின் நினைவு அவரை உறுத்தியது. கண்டியரசனின் ஆதரவு கிட்டினால் நாடு முழுவதற்கும் தொண்டாற்ற வழி திறக்கும் என்பதையும் அவர் கண்டார். 1692 இல் அவர் மலைநாட்டை நோக்கிப் புறப்பட்டார்.

இன்றைய வீதிவழியே குருநாகல் ஊடாகச் சென்றால் புத்தளத்திலிருந்து கண்டி ஏறத்தாழ 130 கிலோமீற்றர். பேருந்திலே சில மணிநேரப் பயணம். அன்றோ உலர்ந்த முட்காடும், யானை நடமாடும் வனமும், பின்னர் அட்டை மொய்க்கும் ஈரமலையும் கடந்து செல்லவேண்டிய வழி. காய்ச்சலுக்குப் பேர்போன காடு. எல்லைக் கடவைகளிலே அரசனின் காவலர் ஒவ்வொருவரையும் விசாரித்தே விடுவர். அவ்வழியிலே வெறுங்காலுடன் அடிகளார் நடந்தார்.

சிறையும் மழையும்

கண்டியை அணுகிய அடிகளாரை வரவேற்றது சிறை. அரண்மனையிற் செல்வாக்குப் பெற்றிருந்த லனரோல் என்னும் பிரெஞ்சுக்காரர், கோவாவிலிருந்து வந்த இவர் போர்த்துக்கீசரின் ஒற்றர் என்று அரசனிடம் கூறிவைத்தார். அரசன் இரண்டாம் விமலதர்மசூரியன் அவரையும் யோவானையும் சிறையிலிட ஆணையிட்டான். நெஞ்சுரம் குன்றாத அடிகளார் சிறைவாழ்வைப் பள்ளிவாழ்வாக்கிக்கொண்டார். அங்கே சிங்களம் பயின்றார். அவருடைய ஒழுக்கத்தைக் கண்டு காவலர் கடுமை தளர்ந்தனர். நாளடைவிற் சிறைக்கட்டு வீட்டுக்காவலாயிற்று. சிறு குடிசைக் கோயில் ஒன்று எழுந்தது.

1696 இற் கண்டியிலே மழை பொய்த்தது. பயிர் கருகிற்று. அரசன் வேண்டுகோளின்படி அடிகளார் வெளியிடத்திலே சிலுவை நாட்டிச் செபித்தார் என்றும், பெருமழை பொழிந்தது என்றும் கத்தோலிக்க மரபு கூறுகின்றது. நம்புவோர் அதனை அற்புதம் என்பர். எவ்வாறாயினும், அக்காலத்திலிருந்து அடிகளாரின் கட்டுத் தளர்ந்தது என்பதும், அரசனுடைய நன்மதிப்பு அவருக்குக் கிட்டியது என்பதும் வரலாறு. சிறையிலிருந்த ஒற்றர் இப்போது அரசனால் மதிக்கப்பெறும் துறவியானார். அடிமைபோலவும் சுமையாள்போலவும் வேடம்பூண்டு ஒல்லாந்தர் ஆண்ட கரையோரங்களுக்கும் சென்று மீண்டார்.

இவ்வேளையிலே கோவாவிலிருந்து துணைவர் வந்தனர். ஒருவர் யோசேவ் மெனேசஸ்; மற்றொருவர் யோசேவ் கர்வாலியோ. முன்னவர் புத்தளப் பகுதிப் பணியை ஏற்றார். பின்னவர் அடிகளாருக்குச் சகோதரி மகன் முறையானவர். பத்தாண்டுகளாகத் தனியொருவராகச் சுமந்த பாரத்தைப் பகிர்ந்துகொள்ளத் தோள்கள் கிடைத்தன. இனிச் சற்று ஓய்வு கிட்டும் என்று எவரும் எண்ணியிருப்பர். ஆனால் 1697 இற் கண்டிக்கு வந்தது ஓய்வன்று, வைசூரி.

வைசூரி வந்த ஆண்டு

வைசூரி என்றும் பெரியம்மை என்றும் வழங்கிய அந்நோயை இன்றைய மாணவர் கண்டறியார். உலகச் சுகாதார நிறுவனம் 1980 இலே அது முற்றாக ஒழிந்துவிட்டது என்று அறிவித்தது. நம் முன்னோருக்கோ அந்தப் பெயரைச் சொல்லவும் நா நடுங்கும். கடுங்காய்ச்சலோடு தொடங்கும், சில நாளில் உடலெங்கும் கொப்புளம் எழுந்து சீழ் கட்டும், துர்நாற்றம் வீசும். பற்றியவருள் மூவரில் ஒருவர் மடிவது வழக்கம். பிழைத்தவர் முகத்திலே ஆறாத வடுக்கள். சிலருக்குக் கண்ணொளியும் போகும். எட்வேட் ஜென்னர் அம்மைப்பால் குத்தும் முறையைக் கண்டறிந்தது 1796 இலே. இலங்கைக்கு அது வந்தது 1802 இலே. 1697 இலே மருந்தும் இல்லை, காப்பும் இல்லை. ஒருவர் மூச்சிலிருந்தும் அவர் படுத்த பாயிலிருந்தும் மற்றவருக்குப் பற்றும் என்ற அச்சம் மட்டுமே இருந்தது. அந்த அச்சம் பொய்யுமன்று.

நகரத்தார் அக்கால வழக்கப்படி செய்தனர். அரசனும் பரிவாரமும் நகரைவிட்டு நீங்கினர் என்பர். இயன்றவரெல்லாம் ஊர்களுக்கு ஓடினர். நோய் கண்டவரைக் காட்டுப்புறத்தே கொண்டுபோய் விட்டனர். அங்கே தண்ணீர் கொடுப்பாரின்றியும், விலங்குகளை விரட்டுவாரின்றியும் அவர்கள் கிடந்தனர். தாய் பிள்ளையைவிட்டும், பிள்ளை தந்தையைவிட்டும் அகன்ற கொடுமை அது.

ஓடியவரைக் குறை கூறுவது எளிது. ஆனால் நாம் அவர்களைக் கொடியவர் என்று தீர்ப்பிடல் ஆகாது. வீட்டிலே எஞ்சிய நான்கு குழந்தைகளைக் காக்க, நோய் கண்ட ஒரு குழந்தையைப் பிரிந்த தாயின் நெஞ்சிலே எரிந்த நெருப்பை யார் அறிவார்? அன்பு இல்லாமையால் அவர்கள் ஓடினாரல்லர். அச்சம் அன்பினும் பெரிதாய் நின்றமையால் ஓடினர். அந்த அன்பு செய்ய இயலாது விட்ட கடமையை எவரேனும் ஏற்றுச் செய்தல் வேண்டியிருந்தது.

வாஸ் அடிகளாரும் மருமகனார் கர்வாலியோ அடிகளாரும் அதனை ஏற்றனர். காட்டிலே விடப்பட்டோரை அவர்கள் நாள்தோறும் தேடிச் சென்றனர். கொம்பும் தழையும் கொண்டு குடில்கள் அமைத்து அவர்களைக் கிடத்தினர். கைவிடப்பட்டுக் கிடந்த வீடுகளை நோயாளர் தங்கும் இடங்களாக்கினர். உணவு சேர்த்து ஊட்டினர்; புண்களைக் கழுவினர்; தங்களுக்குத் தெரிந்த மருந்தை இட்டனர். இறந்தவரைத் தம் கைகளாலேயே எடுத்து அடக்கஞ் செய்தனர். சமயம் என்னவென்று கேட்டு ஒருவருக்கும் கஞ்சி வார்த்தாரல்லர். அவர்கள் ஏந்திச் சென்றவர்களிற் பெரும்பாலோர் புத்த சமயத்தவர். அவர்களுடைய மொழியை அடிகளார் சிறையிலிருந்தபோது கற்றிருந்தார். சிறை கற்பித்த மொழி நோயாளியின் காதிலே ஆறுதலாயிற்று.

இத்தொண்டின் தன்மையைச் சற்று ஆழ்ந்து நோக்குதல் வேண்டும். கொள்ளைநோயிலே பலர் மடிவது நோயின் வலிமையால் மட்டுமன்று. தண்ணீரும் உணவும் இன்றியும், அழுக்கிலே கிடந்தும், கவனிப்பாரற்றும் மடிவர். காய்ச்சலில் வறண்ட நாவுக்கு நீர் வார்த்து, உடலைத் தூய்மையாக வைத்து, கஞ்சி ஊட்டினால், மருந்தே இல்லாத போதும் சில உயிர்கள் கரையேறும். பிற்கால மருத்துவ உலகம் செவிலியர் தொழிலின் அடிப்படையாக வகுத்துக்கொண்ட உண்மை இது. அடிகளார் மருத்துவம் படித்தவரல்லர். ஆனால் சீதபேதியுடன் யாழ்ப்பாணத்துக் குடிசையிலே கிடந்தபோது, கஞ்சியின் வலிமையைத் தம் உயிரைக்கொண்டே கற்றவர்.

நோய் தணிந்தபின் அரசன் நகருக்கு மீண்டான். இந்தத் துறவியரின் தொண்டு இல்லாதிருந்தால் வீதிகளெல்லாம் பிணங்களால் நிறைந்திருக்கும் என்று அவன் கருதினான் என்பர். அதன்பின்னர் அடிகளாருக்கு நாட்டிலே தடையின்றி நடமாடும் உரிமை உறுதிப்பட்டது. முன்னொரு நாள் அவரை ஒற்றர் என்று குற்றஞ்சாட்டிய லனரோலும் அவர்பால் நட்புக் கொண்டார். வாதத்தாலும் வல்லமையாலும் வெல்லமுடியாத ஐயத்தை, புண் கழுவிய கைகள் வென்றன.

விதைத்தவரும் விளைத்தவரும்

அடிகளார் அதன்பின்னும் ஓய்ந்தாரில்லை. மேற்குக் கரை, வன்னி, கிழக்குக் கரை, மலைநாடு என்று நாடெங்கும் அவர் நடந்தார். ஆயர் பதவி அவரைத் தேடி வந்தபோது அதனை ஏற்க மறுத்தார். தங்கப் பிடியுள்ள செங்கோலினும் நோயாளியின் குடிசைக்குச் செல்லும் ஒற்றையடிப் பாதையே அவருக்கு உவப்பாயிருந்தது.

தமிழன்பர்கள் அவரை நன்றியுடன் நினைத்தற்கு வேறொரு காரணமும் உண்டு. 1705 இலே அவருக்குத் துணையாக வந்தவர் யாக்கோமே கொன்சால்வெஸ் சுவாமி. அவரும் கோவாவிற் பிறந்த கொங்கணியரே. அடிகளாரின் வழிகாட்டலிலே தமிழையும் சிங்களத்தையும் கற்றுத் தேர்ந்து, இரு மொழிகளிலும் உரைநடையும் செய்யுளுமாகப் பல நூல்களை அவர் யாத்தார். சிங்களக் கத்தோலிக்க இலக்கியத்தின் தந்தை என்று அவரைப் போற்றுவர்; ஈழத்துத் தமிழ் உரைநடை வரலாற்றிலும் அவருக்கு ஓர் இடம் உண்டு. அவர் 1742 ஆம் ஆண்டு யூலை 17 ஆம் நாள் உயிர்நீத்த போலவத்தை இன்றைய புத்தளம் மாவட்டத்தின் தென்பகுதியிலேயே உள்ளது. ஆசான் நடந்த கரையிலே மாணவர் துயில்கொண்டார்.

1707 இல் அரசன் விமலதர்மசூரியன் மறைந்தான். அவன் மகன் நரேந்திரசிங்கன் அரியணை ஏறினான். புதிய அரசனும் அடிகளாரிடம் மதிப்புக் கொண்டிருந்தான். ஆனால் அடிகளாரின் உடல் தளர்ந்துவிட்டது. இருபது ஆண்டுகளுக்கு மேலாக வெயிலிலும் மழையிலும் நடந்த கால்கள். காய்ச்சலும் பட்டினியும் பலமுறை தாக்கிய மேனி. இறுதி மாதங்களிலே, பிறர் நோய்க்காக நடந்தவர் தாமே நோயாளியானார். துணைக் குருமார் அருகிருந்து பேணினர். 1711 ஆம் ஆண்டு சனவரி 16 ஆம் நாள் கண்டியிலே அவர் இறைவனடி சேர்ந்தார். வயது அறுபதை எட்டவில்லை. 1687 இல் இலங்கையில் அடிவைத்தவர், பிறந்த மண்ணை மீண்டும் ஒருமுறையேனும் காணாமலே மறைந்தார்.

அவரைக் கண்டியிலேயே அடக்கஞ் செய்தனர். பின்னர் அரசியற் காற்று மாறியது, கத்தோலிக்கருக்கு அங்கே மீண்டும் இடர் வந்தது, கோயில் அழிந்தது. அவருடைய கல்லறை இன்ன இடமென்று இன்று சுட்டிக்காட்டுவாரில்லை. எத்தனையோ பேருக்குத் தம் கையாலே குழி வெட்டியவரின் குழி மறைந்துபோயிற்று. ஆனால் நினைவு மறையவில்லை. 1745 இலே அவருடைய வரலாறு போர்த்துக்கீச மொழியில் நூலாக வெளிவந்தது. 1995 ஆம் ஆண்டு சனவரி 21 ஆம் நாள் பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் கொழும்பிலே அவருக்கு முத்திப்பேறு பட்டம் அளித்தார். 2015 ஆம் ஆண்டு சனவரி 14 ஆம் நாள் காலிமுகத்திடலிலே பாப்பரசர் பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார். இலங்கையின் முதற் புனிதர் என்று திருச்சபை அவரைப் போற்றுகின்றது.

நம் காலத்துக்கு ஒரு செய்தி

ஒரு சமயத்தார்க்கு மட்டும் உரியவராக அடிகளாரைக் கொள்ளுதல் பொருந்தாது. அவர் கண்டியிலே கஞ்சி வார்த்தது எல்லாச் சமயத்தார்க்கும். அவருடைய வாழ்விலே எல்லாருக்கும் பொதுவான ஒரு கேள்வி இருக்கின்றது. நோய் வந்தவரிடம் நாம் எப்படி நடந்துகொள்கிறோம்?

வைசூரி ஒழிந்தது, ஆனால் நோயாளியைக் கண்டு விலகும் மனம் ஒழிந்துவிட்டதா? 2020 ஆம் ஆண்டிலே புதிய கொள்ளைநோய் ஒன்று உலகைச் சூழ்ந்தபோது, அடுத்த வீட்டுக் கதவை ஐயத்தோடு பார்த்தவர் எத்தனை பேர்? புற்றுநோய் என்ற சொல்லை உரக்கச் சொல்லவும் தயங்கி, நோயுற்றவரைப் பார்க்கச் செல்வதையே ஒத்திப்போடும் உறவினரை நாம் இன்றும் காண்கிறோம். என்ன பேசுவது என்று தெரியவில்லை என்பார்கள். அதுவும் ஒருவகை ஓட்டமே. காட்டிலே கொண்டுபோய் விடுவதில்லை. வீட்டிற்குள்ளேயே ஒரு காட்டை உண்டாக்கிவிடுகிறோம்.

அன்புக்குரியவரின் நோயை நினைந்து ஓடுவோரும் நடப்போரும் இந்த ஓட்டத்துக்கு எதிரே ஓடுகின்றவர்கள். அவர்கள் திரட்டும் பொருள் மருத்துவமனையிலே ஒரு கட்டிலாகலாம், ஒரு கருவியாகலாம். அது பெரிய நன்மை. ஆயினும் அதனோடு இன்னொரு நன்மையும் உண்டு. நோயுற்றவர் தனித்தவரல்லர் என்பதை ஊரறிய உரைப்பது அந்த நடை. தெருவிலே நடந்து முடித்தபின், அந்தக் கால்கள் ஒருநாள் நோயாளியின் படுக்கையருகேயும் சென்று நிற்குமாயின், நடை முழுமை பெறும்.

தமக்கென ஓர் உறவும் இல்லாத நாட்டிலே, முன்பின் அறியாதவர்களின் நோயைத் தம் தாயின் நோயென எண்ணி நடந்தவர் வாஸ் அடிகளார். புத்தளத்துக் கடனீரேரிக் கரையிலே மாலை வேளையில் நின்று நோக்கினால், எதிர்க்கரையிலே கற்பிட்டி நிலம் மங்கலாகத் தோன்றும். உப்பளங்களிலே வெண்மை மின்னும். கிழக்கே கண்டிக்குச் செல்லும் வீதி இருளிலே மறையும். அவ்வழியே வெறுங்காலுடன் ஒருவர் நடந்தார். எங்கோ ஒரு வீட்டில் எவரேனும் நோயுற்றுக் கிடக்கும்வரை அந்த நடை முடிந்ததாகாது. அதனைத் தொடரவேண்டிய பாதங்கள் நம்முடையவை.